குலைக்காத குட்டி

இண்டூர்
9.6.2024

அன்புள்ள பானுமதிக்கு,

மாதவராஜ் எழுதுவது. உனக்குக் கடிதம் எழுதும் வேலை எப்போதும் உன் அக்கா நிர்மலாவுடையது. உறையின்மேல் உன் முகவரியை இன்றுதான் முதல் முறையாக எழுதுகிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம். போனில் நீ பேசுவது எனக்குக் கேட்காது. உன்னுடையது பட்டன் போன், அதில் எழுதி அனுப்பினால் நீ படிக்கமாட்டாய். ஆகவே கடிதம்.

ஏதாவது விட்டுப்போகுமோ என்ற பயத்தில் முதலில் எண் போட்டுக்கொள்கிறேன். விதைச் சான்று அலுவலகத்தில் முப்பத்தோராண்டு இருந்த பழக்கம்.

1. ஒரு நாய்க்குட்டி என்னிடம் வந்து சேர்ந்த விதம்.
2. பத்து வாரத்தில் அதை வேறொரு வீட்டுக்குத் தயார் செய்ய நான் வகுத்துள்ள ஒழுங்கு.
3. அது குலைக்காத குட்டி என்பது.
4. இந்த வீட்டில் அது காது கொடுக்கவோ மிரளவோ எதுவும் இல்லை என்பது.
5. அதை நீ எடுத்துக்கொள்வாயா என்ற கேள்வி.

முதலாவது. பேருந்து நிறுத்தத்தின் பின்னால் ஒரு சிமெண்டுச் சாக்கில் நான்கு குட்டிகள் கிடந்தன. எங்கள் தெருமுனையில் இருக்கும் வஹிதா எடுத்து வந்தாள். தருமபுரியில் கால்நடை மருந்துக் கடையில் வேலை பார்க்கும் பெண். என்னிடம் பேச வருகிறவர்களுக்காக வாசலில் ஒரு சிலேட்டு வைத்திருக்கிறேன். அதில் எழுதிக் காட்டினாள்: "தாத்தா, எங்க அத்தா நாயை வூட்டுக்குள்ள ஏத்த மாட்டாரு. மூணுக்கு ஆள் பாத்துட்டேன். ஊசியெல்லாம் போட்டு முடியற வரைக்கும் இது ஒண்ணு மட்டும் உங்ககிட்ட." எதற்கும் உடனே பதில் சொல்லத் தெரியாதவன் நான். யோசித்து முடிப்பதற்குள் குட்டி என் பாதத்தின்மேல் படுத்துத் தூங்கிவிட்டது. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு அவள் போய்விட்டாள்.

இரண்டாவது. மூன்று வேளை பால் விட்ட ராகிக் கூழ். காலையில் கயிறு கட்டி நடை. மருத்துவர் தொட்டால் கூசாமலிருக்க, தினமும் காதையும் பாதங்களையும் பிடித்துப் பார்த்துப் பழக்குகிறேன். உள்ளங்கையைக் கவிழ்த்தால் உட்கார வேண்டும், விரலை மடக்கினால் வர வேண்டும். என் குரல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எனக்கே தெரியாததால் எல்லாமே சைகைதான். பெயர் வைக்கவில்லை. அது கொண்டுபோகிறவர்களின் உரிமை என்று வஹிதா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ‘கண்டதைக் கடிக்க விடக் கூடாது’ என்று அவள் எழுதித் தந்த தாளின் மூலையை முதல் நாளே கடித்துத் தின்றுவிட்டது.

மூன்றாவதைக் காது கேளாத நான் சொன்னால் யார் நம்புவார்கள் என்று பக்கத்து வீட்டுக் குள்ளம்மாளைக் கேட்டேன். அவள் சொன்னதை வஹிதா சிரித்துக்கொண்டே சிலேட்டில் எழுதினாள்: "சாருக்குக் காது இல்ல, அதுக்கு வாய் இல்ல. பொருத்தம் பாத்துத்தான் குடுத்திருக்குது புள்ள."

நான்காவது பற்றி விரிக்க ஒன்றுமில்லை. அமைதியான வீடு. நிர்மலாவின் அறை சாத்தியே இருக்கிறது.

ஐந்தாவதற்கு உன் பதிலை எதிர்பார்க்கிறேன். முழங்காலுக்குத் தைலத்தை நிறுத்திவிடாதே.

மாதவராஜ்

*

அரூர்
15.6.2024

மாமாவுக்கு பானு எழுதறது. பேசற மாதிரித்தான் எனக்கு எழுத வரும், தப்பா நெனைக்காதீங்க. முழங்கால் அப்படியேதான் இருக்குது. வேளைக்குச் சாப்புடறீங்களா? கண்ணுக்கு மருந்து போட்டுக்கறீங்களா?

கடுதாசியப் பாத்ததும் பிரிக்காமத் திண்ணையில உக்காந்துட்டேன். உறையில அக்கா எழுத்து இல்லாம இண்டூர் முத்திரை மட்டும் இருந்தா எப்படி இருக்கும், நெனைச்சுப் பாருங்க.

குட்டி வேணுந்தான் மாமா. நம்ம வூடு காட்டுக்குள்ள தனியா நிக்குது. போன மாசம் பட்டியில கட்டியிருந்த ஆட்டுல ஒண்ணைப் பட்டப்பகல்ல ஓட்டிட்டுப் போயிட்டானுங்க. நான் உள்ள கம்பு புடைச்சுக்கிட்டு இருந்தேன். ஆனா குலைக்காத நாயை வெச்சு நான் என்னங்க பண்றது? திருடனுக்குக் கையக் காட்டி உக்காருன்னு சொல்றதா? அதைக் குலைக்க வெச்சுக் குடுங்க, வாங்கிக்கறேன். இல்லீன்னா வேற ஆளைப் பாருங்க.

நான் வந்து எடுத்துக்கறதாங்கறதை அப்புறம் பேசுவோம். அக்கா கருமாதிக்கு அப்புறம் அந்த வூட்டு வாசப்படி ஏற எனக்கு மனசு வரல. உங்களுக்கே தெரியும்.

காது மெஷின் ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன்னு சொன்னீங்களே, வந்துச்சுங்களா?

ஒடம்பப் பாத்துக்குங்க.

பானுமதி

*

இண்டூர்
24.6.2024

அன்புள்ள பானுமதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆடு போனதைப் படித்து வருந்தினேன். நான் நலம். கண் மருந்தை நானே போட்டுக்கொள்கிறேன். கை நடுங்குவதால் பாதி கன்னத்தில் வழிகிறது.

குட்டிக்கு இப்போது மூன்றே கால் கிலோ. உட்காருவது பத்துக்கு ஏழு முறை, வருவது பத்துக்கு ஒன்பது முறை. கொடியில் காயும் என் வேட்டியை இழுத்துக்கொண்டு முருங்கை மரத்தைச் சுற்றி ஓடுவது பத்துக்குப் பத்து. பின்னால் ஓடி மூச்சிரைத்து உட்கார்ந்தால், வேட்டியைக் கொண்டுவந்து காலடியில் போட்டுவிட்டு மறுபடி துரத்தச் சொல்லி நிற்கிறது. நேற்று முன்கூடத்து ஆணியில் தொங்கிய ஒரு பழைய சட்டையை இழுத்துக் கீழே தள்ளியது. பையிலிருந்து உருண்ட பொருளை வாயில் கவ்விக்கொண்டது. பிடுங்கிக்கொண்டேன்.

வேறொன்றையும் எழுத வேண்டும். எழுதாமலிருப்பது சரியா என்று இரண்டு நாள் யோசித்தேன். தினமும் மாலை நான்கு மணிக்கு, எந்த விளையாட்டில் இருந்தாலும் விட்டுவிட்டு, குட்டி நிர்மலாவின் அறைக்கு ஓடுகிறது. சாத்திய கதவின் முன் உட்கார்ந்து தலையைச் சாய்க்கிறது. வாலை ஆட்டுகிறது. தெரிந்த ஆள் வரும்போது ஆட்டும் விதத்தில்தான். ஒரு நிமிடத்துக்குப் பிறகு திரும்பி வந்துவிடுகிறது. பதினான்கு நாள் பார்த்தேன். பதினான்கு நாளும் நடந்தது. எலியாக இருக்கலாம், பல்லியாக இருக்கலாம். ஆனால் எலிக்கு மணி பார்க்கத் தெரியாது.

கதவைத் திறந்து பார்க்கவில்லை.

வெயிலில் ஆட்டுக்குப் பின்னால் நடக்காதே.

மாதவராஜ்

*

அரூர்
12.7.2024

மாமாவுக்கு,

நல்லா இருக்கீங்கன்னு நெனைக்கறேன். இங்க மழை இல்ல. பதில் எழுத மூணு தரம் உக்காந்து மூணு தரம் எந்திரிச்சுட்டேன்.

நாலு மணியா மாமா? பாத்து எழுதினீங்களா, நாலுதானா? அக்கா உழுந்தது அந்த நேரந்தானுங்களே.

ஒரு வருசமாத் தொண்டையில நிக்கறதை இப்பக் கேட்டுடறேன். கருமாதியன்னிக்கு பாத்திரம் கழுவற எடத்துல குள்ளம்மா எங்கிட்டச் சொன்னா: "ஏங்க, ஏங்கன்னு நாலஞ்சு தரம் கொரல் கேட்டுதுங்க்கா. எப்பவும் போல சாரைத்தான் கூப்புடறாங்கன்னு இருந்துட்டேன்." அவ வூட்டுக்குக் கேட்டிருக்குது. நடுவுல ஒரு செவுருதான். மெஷின் ரிப்பேருன்னு எல்லாருகிட்டயும் சொன்னீங்க, நானும் நம்பினேன். ஒரு வருசமா எந்தக் கடையில மாமா அதை ரிப்பேர் பண்றாங்க?

தருமபுரிக்குப் பக்கத்துல எனக்குத் தெரிஞ்ச கடையெல்லாம் விசாரிச்சுட்டேன்னு பொய் சொல்லலாம்னு நெனைச்சேன். சொல்லல. நீங்களே சொல்லுங்க.

பதில் வந்த பொறவுதான் குட்டியப் பத்திப் பேசுவேன்.

பானுமதி

*

இண்டூர்
17.7.2024

அன்புள்ள பானுமதிக்கு,

நலம். நீயும் நலமாயிருக்க வேண்டும்.

குட்டிக்கு இரண்டாம் ஊசி போட்டாயிற்று. அழவில்லை. எடை நான்கரை கிலோ. கழுத்துப்பட்டை பழகிவிட்டது.

குலைக்க வைப்பது எப்படி என்று வஹிதாவைக் கேட்டேன். அவள் குட்டியைத் தூக்கி வாயைத் திறந்து தொண்டையைப் பார்த்தாள். என் பின்னால் போய் நின்று கை தட்டினாளோ என்னவோ, குட்டி மட்டும் திரும்பிப் பார்த்தது. பிறகு எதிரில் வந்து சிலேட்டில் எழுதினாள்: "வாய்லாம் நல்லாத்தான் இருக்குது தாத்தா. கடைக்கு வந்தப்ப முனகிட்டே இருந்துச்சு. இங்க வந்துதான் நிறுத்திருச்சு. கூப்பிட்டா ஆள் வராத வூட்ல எதுக்குக் குலைக்கணும்? அதான் வந்து உங்க வேட்டியப் புடிச்சு இழுக்குது."

நான் சிலேட்டை அழித்துவிட்டேன்.

உன் கேள்விக்கு இந்தக் கடிதத்தில் பதில் எழுதுவதாக இருந்தேன். இன்று இயலவில்லை.

மாதவராஜ்

*

இண்டூர்
19.7.2024

பானுமதிக்கு,

நேற்றுமுன்தினக் கடிதம் உனக்குக் கிடைப்பதற்குள் இதுவும் கிடைத்துவிட வேண்டும்.

காதுக் கருவி பழுதாகவில்லை. குட்டி கவ்வியது அதைத்தான். நிர்மலா விழுந்த அன்று நான் போட்டிருந்த சட்டையின் பையில், வைத்தபடியே இருந்தது. அந்தச் சட்டையைத் துவைக்கவும் இல்லை, ஆணியிலிருந்து எடுக்கவும் இல்லை.

அன்று காலை முதல் நிர்மலா பின்பக்கத்துத் தளம் வழுக்குகிறது, ஆளை விட்டுச் சுரண்டிச் சிமெண்டு பூச வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கொத்தனாரிடம் போய்ப் பேச எனக்குத் தயக்கம். நாளைக்கு, நாளைக்கு என்றேன். மதியச் சாப்பாட்டிலும் அதையே சொன்னாள். இரண்டரை மணிக்குக் கருவியைக் காதிலிருந்து எடுத்துப் பையில் போட்டேன். அவள் பேச்சு பிடிக்காமல் அல்ல என்று எழுதத் தொடங்கினேன். அது முழு உண்மை ஆகாது.

முன்கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். தினமும் நான்கு மணிக்கு என் கண்ணுக்குச் சொட்டு மருந்து போட அவள் வருவாள். அன்று வரவில்லை. கோபித்துக்கொண்டாள் என்று நினைத்தேன். எவ்வளவு நேரம் வராமல் இருக்கிறாள் பார்க்கலாம் என்று நானும் வீம்பாக உட்கார்ந்திருந்தேன். ஐந்து மணிக்குத்தான் எழுந்து பின்பக்கம் போனேன். துவைக்கும் கல்லுக்கும் தொட்டிக்கும் நடுவில் கிடந்தாள். மருத்துவர், "இன்னும் கொஞ்சம் முன்னாடி..." என்று தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவர் உதட்டசைவை நான் தவறாகப் படித்திருக்கலாம் என்று பல முறை சொல்லிக்கொண்டேன். தவறாகப் படிக்கவில்லை.

இதை நீ கேட்பதற்கு முன்பே நான் சொல்லியிருக்க வேண்டும். உன் உடல்நலம் கேட்டு எழுத இன்று எனக்குத் தகுதி இல்லை.

மாதவராஜ்

*

இண்டூர்
9.8.2024

அன்புள்ள பானுமதிக்கு,

மூன்று வாரமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. அது நியாயமே. ஆனால் குட்டிக்குக் காலம் ஓடுகிறது, அதற்காக மட்டும் எழுதுகிறேன். உன் முழங்கால் தேவலையா?

வஹிதாவிடம் சொல்லிக் கருவிக்குப் பொத்தான் பேட்டரி வாங்கினேன். ஜூலை 22ஆம் தேதி மதியம் காதில் மாட்டினேன். முதலில் கேட்டது தரையில் குட்டியின் நகச் சத்தம். இவ்வளவு சத்தத்தோடா இத்தனை நாள் என் பின்னால் வந்துகொண்டிருந்தது?

அன்றே நான்கு மணிக்குக் குட்டி ஓடியது. நானும் பின்னால் போனேன். கதவுக்கு உள்ளிருந்து மெல்லிய ஒலி, விட்டு விட்டு வந்தது. என் காதின் கோளாறு என்று கருவியைக் கழற்றினேன். நின்றது. மாட்டினேன். மறுபடி கேட்டது. குட்டி என் முகத்தையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தது. திறந்தேன்.

அலமாரித் தட்டில் நிர்மலாவின் சின்ன அலாரக் கடிகாரம். முள் இல்லாமல் எண்களாக மணி காட்டும் வகை. ஒரு நிமிடம் அடித்துவிட்டுத் தானாக நின்றுவிடும். பக்கத்தில் என் சொட்டு மருந்துப் புட்டி, காய்ந்து போய். மறந்துவிடாமல் இருக்க எனக்காக வைத்த அலாரம். அவள் தானாகவே நேரம் நினைவு வைத்து வருகிறாள் என்றுதான் அத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

கணக்குப் போட வேண்டாம் என்று இருந்தும் போட்டுவிட்டேன். அவள் விழுந்த நாளையும் சேர்த்து அன்றோடு நானூற்று இருபத்தொன்பது முறை அது அடித்திருக்கிறது.

அணைக்கக் கை போனது. அணைக்கவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று நீ சொன்னால் அப்படியே செய்கிறேன்.

மறுநாளிலிருந்து, குட்டி சின்னதாக முனகினாலும் எழுந்து ஓடுகிறேன். ஓடிப்போய் ஒரு துண்டு முட்டை கொடுக்கிறேன். ஒன்பதாம் நாள் பால்காரர் பச்சியப்பனைப் பார்த்து முதல் குலைப்பு. தன் குரலைக் கேட்டுத் தானே பயந்து என் கால்களுக்கு நடுவில் ஒளிந்துகொண்டது. அவர், "அடேங்கப்பா, ஊமை பேசிருச்சுங்களே! இனிமே பாலுல தண்ணி ஊத்துனா மாட்டிக்குவேன் போல!" என்றார். அதையும் காதால் கேட்டேன். இப்போது யார் வந்தாலும் குலைக்கிறது. ஊசிகள் முடிந்துவிட்டன. குட்டி தயார்.

மாதவராஜ்

*

(அஞ்சலட்டை)

அரூர்
13.8.2024

மாமாவுக்கு. ஞாயித்துக்கெழம வர்றேன். சாயங்காலம் அஞ்சு மணி பஸ்ஸுக்குத் திரும்பிருவேன். சமைக்க வேண்டாம். குட்டியோட ஊசிச் சீட்டை எடுத்து வைங்க. பானுமதி.

*

அரூர்
27.8.2024

மாமாவுக்கு,

பானு எழுதறேன். கண்ணு எப்படி இருக்குது?

குட்டி நல்லா இருக்குது. தருமபுரியில பஸ் மாறும்போது கண்டக்டர், "ஏனுங்க ஆத்தா, இதுக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?"ன்னான். அது அவன் மூஞ்சிக்கு நேரா ஒரு குலை குலைச்சுது பாருங்க, ஒண்ணும் பேசாமப் போயிட்டான். ஆனா வூட்ல ‘வா’ன்னா என் மூஞ்சியப் பாக்குது, ‘உக்காரு’ன்னா வாலை ஆட்டுது. வாய்ச்சொல்லு ஒண்ணுகூட நீங்க சொல்லித் தரலயே மாமா. இப்ப நான் ஊமையாட்டம் கையக் காட்டிக்கிட்டு நிக்கறேன். காட்டு வழியாப் போறவங்க சிரிக்கறாங்க.

மூணாம் நாள் வேலியோரம் ஒரு ஆள் நின்னான். குட்டி குலைச்சுது. நீங்க குடுத்த தாள்ல ‘குலைத்தால் உடனே எழுந்து போய்ப் பார்க்கவும்’னு ரெண்டு கோடு போட்டு எழுதியிருந்தீங்களே. முழங்காலோட ஓடுனேன். வழி கேக்க வந்த ஆளு. ஆனாலும் ஓடுனேன்.

குட்டிய எடுக்க வந்த அன்னிக்கு நீங்க டீ வெச்சுக் குடுத்தீங்க, நான் தொடல. அக்கா ரூம்ல உக்காந்திருந்தேன். நாலு மணிக்கு அது அடிச்சப்ப நீங்க கதவுகிட்ட நின்னு என் மூஞ்சியவே பாத்தீங்க. "அணைக்காதீங்க"ன்னு மட்டும் சொல்லிட்டுக் கெளம்பிட்டேன். ஏன்னு நீங்க கேக்கல. நீங்க எப்பவும் கேக்க மாட்டீங்க.

கோவத்துலதான் சொன்னேன். ஒரு நாளு தவறாம உங்களுக்குக் கேக்கட்டும்னு. இன்னும் அந்தக் கோவம் போகல, போகுமான்னும் தெரியல. ஆனா வந்த பொறவு யோசிச்சுப் பாத்தேன். அக்கா அதை உங்க கண்ணுக்காக வெச்சா. அதனால ரெண்டுக்கும் சேத்துச் சொல்றேன், அணைக்காதீங்க.

குட்டி இங்கயும் நாலு மணிக்கு எந்திரிச்சு உக்காந்துக்குது. காதைத் தூக்கிக்கிட்டு உங்கூரு பக்கமா மேக்கால பாக்குது. இங்க ஒண்ணும் அடிக்கலீங்க மாமா.

பேரு இன்னும் வைக்கல.

பானுமதி

*

இண்டூர்
2.9.2024

அன்புள்ள பானுமதிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முழங்காலோடு ஓடாதே என்று எழுத நினைத்தேன். அதை எழுத வேண்டியவன் நானல்ல. ஓடு.

கொத்தனார் வந்து பின்பக்கத் தளத்தைச் சுரண்டிச் சொரசொரப்பாகப் பூசிவிட்டுப் போனார். நானே போய்ப் பேசினேன். அரை நாள் வேலைதான். அவ்வளவுதான்.

நீ போன மறுநாள் நான்கு மணிக்கு யாரும் அந்தக் கதவுக்கு ஓடவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே அந்த ஒலி கேட்டது. எழுந்து போனேன். இப்போது தினமும் போகிறேன். கதவு சாத்தி வைக்கப்படுவதில்லை. புதுப் புட்டியை அதே தட்டில் வைத்திருக்கிறேன். அது அடித்து முடியும் வரை நிற்பேன். பிறகு அவள் கட்டிலில் உட்கார்ந்து மருந்து போட்டுக்கொள்வேன். பாதி இப்போதும் கன்னத்தில்தான்.

கடிகாரத்துக்கு என்றாவது செல் தீரும். ஒரு செல் வாங்கி வைத்திருக்கிறேன். மாற்றும் துணிவு எனக்கு வருமா என்று தெரியவில்லை. அந்த நாள் வந்தால் உனக்கு எழுதுகிறேன்.

ஜூன் 9ஆம் தேதிக் கடிதத்தின் நகல் என்னிடம் இருக்கிறது. ஐந்து குறிப்புகளையும் இன்று எடுத்துச் சரிபார்த்தேன். நான்காவதாக, இந்த வீட்டில் காது கொடுக்க எதுவும் இல்லை என்று எழுதியிருந்தேன். அது தவறு.

மாதவராஜ்